குதித்தது யார்?

மார்ச் 2

அண்ணி அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கவில்லை என்று அண்ணனிடம் காட்டி நியாயம் கேட்க வேண்டாம். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

நான் இந்த கிளப்புக்கு வந்து சேர்ந்த அன்றே விடுதி வார்டன் எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். போட்டிகள் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கையில் கிடைக்கும். அது அம்மாவுக்கே போதாது. அதனால் கடிதம். ஒரு வகையில் நல்லதுதான். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே அழுதுவிடுவேன். எழுத்தில் கடைசிவரை திட்டலாம்.

தப்பு என்னுடையதுதான். உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி இங்கே பெருமையாக உளறியது நானேதான். கெண்டைக்காலில் இறுகிக் கிடக்கும் தசைமுடிச்சில் மருந்தில்லாத மெல்லிய ஊசியை இறக்கினால் வாலிபால் ஆடுகிறவர்கள் இன்னும் உயரமாகக் குதிப்பார்களா என்று எங்கள் அண்ணி சோதிக்கிறார் என்றேன். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மற்றவர்களுக்குப் பாவனை ஊசி, யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது என்றேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். என் பழைய விரல் அடையாளத்துக்கு நாலு விரல் மேலே சுவரைத் தொட்டேன், அந்த வாரமே இந்த கிளப் என்னை எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவள்தான் எங்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற செட்டரும். நான் முடித்ததும், “ஓ, அப்ப நீ சாவி கொடுத்த பொம்மையா?” என்றாள். “உங்க அண்ணி கொடுத்த சாவி எப்போ தீரும்னு கேட்டுச் சொல்லு. அதுக்கப்புறம் உன்னை நம்பி யாரும் பந்து தர மாட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அன்றிலிருந்து பந்து எனக்கு வருவதில்லை. நான் குதிக்கிறேன், பந்து அடுத்தவளுக்குப் போகிறது. வெறும் காற்றை அடித்துவிட்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று உங்கள் அளவுகோலுக்குத் தெரியாது.

கடைசி அளவு எடுத்த அன்று நடைபாதையில் உங்களைக் கேட்டேன். “எனக்குப் போட்டது நிஜ ஊசியா? ஒரே வார்த்தை, அண்ணி.” நீங்கள் சொன்னது இது: “பதினொண்ணு, அடுத்த ரூம்ல வெயிட் பண்ணுங்க.” பண்ணுங்க! வீட்டில் ‘சாப்பிட்டியா எருமை’ என்கிற வாய். அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு நம்பராக்கிவிட்டீர்கள். வீட்டிலும் அந்த மாதம் முழுக்க என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாப்பிடும்போது மேஜையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

சொல்ல மாட்டீர்கள் என்றால் எனக்கும் அங்கே வேலையில்லை. என்னை உங்கள் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். யாருடைய குதிப்பு என்று தெரியாத ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பதினொன்று


மார்ச் 9

அன்புள்ள எருமைக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் எனக்கு முன்னால் படித்துவிட்டார். உறையில் என் பெயர்தான் இருந்தது. கேட்டால், “நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டின வலை. எந்தப் பக்கம் அடிச்சாலும் என் மேலதான் படும், அதான் முன்னாடியே பார்த்துக்கிட்டேன்” என்கிறார். இனி உறையை நன்றாக ஒட்டு.

எனக்கு எழுதத் தெரிந்த அளவு பேசத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அரை மணி நேரம் நான் வாயே திறக்காமல் இருந்தபோது, நீதான் என் பக்கத்தில் வந்து, “அங்க அலமாரில இருக்கிற புத்தகமெல்லாம் உங்களுதா?” என்று கேட்டாய். உங்கள் வீட்டு ஆட்களில் நான் பதில் சொன்ன முதல் ஆள் நீ. அதனால் இதையும் உனக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்ல மறுக்கவில்லை. எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டது என் சக பிசியோ, நீங்கள் எல்லோரும் ‘கொசு’ என்று கூப்பிடுகிறவர். நான் சுவர் பக்கம் முக்காலியில் நின்று, சாக்பீஸ் தூள் தொட்ட உங்கள் விரல் எங்கே பட்டது என்று அளந்தவள் மட்டும்தான். அளக்கிறவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தன்னாலேயே ஒரு பக்கம் சாயும். நான் நல்லவள் என்பதால் என் கண்ணும் நல்லதாகிவிடாது.

வீட்டு விஷயம். நீ எப்போதும் அரைக்கால் நிக்கருடன் திரிகிறவள். நிஜ ஊசி சில பேருக்குத் தோலில் சின்ன நீலப் புள்ளியை விட்டுப்போகும். ஒரு தடவை என் கண்ணில் பட்டால் போதும், தெரிந்துவிடும். அதனால்தான் நீ சோபாவில் காலை நீட்டினால் நான் சமையலறைக்குப் போனேன். மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்ததும் அதற்குத்தான். அத்தைகூட, “என்னம்மா, அவ கால்ல பேயா இருக்கு?” என்று கேட்டார். அவரிடமும் சொல்ல முடியவில்லை. நான் பார்க்காமல் இருந்தது உன் முகத்தை அல்ல, உன் கெண்டைக்காலை. நீ உயரமாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதவில்லை.

நம்பர் சொல்லிக் கூப்பிட்டதற்கு மட்டும் விளக்கம் சொல்ல மாட்டேன். அங்கே நீ எனக்கு யாரோதான். அப்படி இருந்தால்தான் உன் அளவுக்கு மதிப்பு.

விலகுவது உன் உரிமை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் எழுதியதா, யோசித்து எழுதியதா என்று மட்டும் சொல். யோசித்தது என்றால் அன்றே எடுத்துவிடுவேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அதுவரை உன் அளவுகள் இருக்கிற இடத்தில் இருக்கும்.

பந்து வராவிட்டாலும் குதிப்பதை நிறுத்தாதே. இது ஆராய்ச்சியாளர் சொல்வதல்ல.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

‘அன்புள்ள’ திரும்பி வந்துவிட்டது. கால் விஷயத்துக்காக. அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அறைத்தோழி எழுந்து, “காதல் கடிதமா?” என்று கேட்டாள். இல்லை, எங்க அண்ணி என் காலைப் பார்க்காம இருந்த கதை என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போகட்டும். ஒரு மாதம் முழுக்க நான் உங்களுக்குப் பிடிக்காதவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே கண்ணைத் திருப்பிக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொண்டீர்களோ.

ஆனால் விலகுவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. யோசிக்கிறேன்.

இங்கே நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. என் உளறல் கோச் காதுக்குப் போய்விட்டது. நேற்று பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஊசி போடுகிறவர் ஒருவரை வரவழைத்து அணி மொத்தத்துக்கும் போடலாம் என்கிறார். என்னைப் பார்த்து, “உனக்கு வேலை செஞ்சுதுல்ல?” என்றார்.

என்ன சொல்வது? தெரியாது சார் என்றேன்.

“நாலு விரல் ஏறியிருக்கு. தெரியாதுங்கிற?”

கேப்டன் விடுவாளா? “நல்லது சார், எல்லாருக்கும் சாவி கொடுத்துடுங்க. அப்புறம் இவளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்துடலாம்.”

அண்ணி, அவளை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு எல்லோரும் நாலு விரல் ஏறிவிட்டால் நான் யார்? முன்னால் வரிசையில் நின்று இடம் பிடித்தவள், அவ்வளவுதான். விடியற்காலையில் படிக்கட்டில் ஏறி இறங்கியது, மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தது, வாந்தி எடுத்தது எல்லாம் ஒரு ஊசிக்குச் சமமா?

இதைத்தான் நான் அன்று நடைபாதையில் கேட்டேன். ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏணி
(எருமையைவிட இது பரவாயில்லை. இங்கே வைத்த பெயர்.)


ஏப்ரல் 6

அன்புள்ள ஏணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் அண்ணன் குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, “கட்டுரை எழுதறியா, கல்யாணப் பத்திரிகை எழுதறியா?” என்கிறார்.

யாருக்கு எந்த ஊசி என்று மூடி வைத்திருந்த பட்டியலை இந்த வாரம் திறந்து பார்த்துவிட்டோம். இப்போது எனக்குத் தெரியும். உனக்கு என்ன போட்டார்கள் என்றும் தெரியும். கேட்காதே. நீ பதில் சொல்லும்வரை சொல்ல மாட்டேன்.

பதில் சொல்ல வேண்டிய கேள்வி பழையதுதான். விலகுகிறாயா, இருக்கிறாயா?

முன்பு கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது, அதனால் கேட்பது சுலபமாக இருந்தது. இப்போது நான் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையும் உன்னை ஒரு பக்கம் தள்ளிவிடுமோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். எனக்கு எது வசதி என்று நீ ஊகிக்க முயல்வாய். தயவுசெய்து செய்யாதே. இது சின்ன ஆராய்ச்சி. கலந்துகொண்டவர்கள் குறைவு. நீ உள்ளே இருந்தால் அது ஒன்று சொல்லும், வெளியே போனால் வேறொன்று சொல்லும். எது எதைச் சொல்லும் என்பதை நீ தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க வேண்டும். அது அநியாயம் என்று தெரியும். வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நீ மார்ச்சில் எழுதியது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ‘எடுத்துவிடுங்கள்’ என்று உன் கையால் எழுதியிருக்கிறது. விதிப்படி அதுவே போதும். ஆனால் நீ இன்னும் யோசிப்பதாகச் சொன்னாய். யோசித்து முடித்தாயா?

ஆம் அல்லது இல்லை. காரணம் வேண்டாம். எதைச் சொன்னாலும் நீ வீட்டுக்கு வரும்போது கதவைத் திறப்பது நான்தான்.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஊகிக்காதே என்றால் ஊகிக்காமல் இருக்க நான் என்ன கல்லா? படித்த உடனே ஊகித்துவிட்டேன். எனக்குப் போட்டது நிஜ ஊசி. உங்கள் ஆராய்ச்சியின் நட்சத்திரமே நான்தான். நான் போய்விட்டால் ஊசியின் பெருமை குறைந்துவிடும். அதனால்தான் இவ்வளவு பயந்து பயந்து எழுதுகிறீர்கள்.

அப்படித் தோன்றியதும் ‘எடுத்துவிடுங்கள்’ என்று ஒரே வரியில் எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். (நன்றாகவே ஒட்டினேன்.) ஊசிதான் என்னைத் தூக்கியது என்று எங்கோ ஒரு நூலகத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள், அதை எனக்குத் தாங்க முடியாது என்று தோன்றியது.

தபாலில் போடவில்லை. மறுநாள் பயிற்சியில் கோச் மறுபடியும் கேட்டார். “அந்த ஆளை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா? நீ சொல்லு.” எங்கள் அணியில் எல்லோருக்கும் இளையவள், ஊசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து காதில் கேட்டாள்: “அக்கா, நெஜமாவே ஒசரம் ஏறுமா? ஏறும்னா போட்டுக்கறேன்.” என் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்காக அவள் காலை நீட்டத் தயாராக இருக்கிறாள். நானோ உண்மை எழுதப்படுகிற இடத்திலிருந்து என் பெயரை உருவிக்கொண்டு ஓடப் பார்க்கிறேன்.

ஊசிதான் காரணம் என்றால் அது தெரியட்டும். இவளுக்கும் தெரியட்டும். கேப்டன் என்னைச் சாவி கொடுத்த பொம்மை என்று ஆயுசுக்கும் கூப்பிடட்டும். நான் பொம்மையாக இருந்தாலும் இருப்பேன், பயந்துபோய் ஒளிகிற பொம்மையாக இருக்க மாட்டேன்.

இருக்கிறேன். எடுக்காதீர்கள். காரணம் வேண்டாம் என்றீர்கள், ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டேன். அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணி


ஏப்ரல் 20

அன்புள்ள ஏணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

உனக்கு நிஜ ஊசி போடவில்லை. பாவனை ஊசி. முனை மழுங்கியது, ஒரு சின்னக் குழாய்க்குள்ளிருந்து வந்து தோலைத் தட்டும். குத்தியது மாதிரி சுருக்கென்று இருக்கும், உள்ளே போகாது. ‘கொசு’ அதற்கும் பஞ்சால் துடைத்து, முகத்தைச் சுளித்து, “வலிக்குதா?” என்று உன்னைக் கேட்டிருக்கிறார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு “இல்ல” என்றாயாம். உன் தோலை அது ஒரு கீறல்கூடக் கீறவில்லை. நான் சமையலறைக்கு ஓடியதெல்லாம் வீண். பார்க்க அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

இப்போது முழுவதும் சொல்கிறேன். உன்னை எடுத்துவிட்டால், நிஜ ஊசி போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உயரமாகக் குதித்ததாக வருகிறது. என் பட்ட ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் எதிர்பார்த்தது அதுதான். நீ இருந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். நிஜ ஊசியால் கால்வலி குறைந்தது, அது உண்மை, எழுதியிருக்கிறேன். உயரத்தில் வித்தியாசம் காட்ட முடியவில்லை.

உன் பதில் வருவதற்கு முன்பே பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். நீ விலகுவதாக மார்ச்சில் எழுதியதை நான்தான் முறைப்படி அவரிடம் சொல்லியிருந்தேன். “அந்தக் கடிதமே போதும்மா,” என்றார். “எடுத்துடு. எந்தத் தப்பும் இல்ல.”

“கோபத்துல எழுதினது சார். மறுபடியும் கேட்டிருக்கேன்.”

“எதுக்குக் கேக்கணும்? ஒரே ஒரு பொண்ணு, அதுவும் உன் வீட்டுப் பொண்ணு, மொத்தத்தையும் கவுத்துட்டா.”

“கவுக்கல சார். குதிச்சா.”

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் அல்ல என்று உனக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீ சேரும்போதே நாம் உறவு என்று எழுதிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். அன்றைக்கு அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது, “அடுத்த மாசம் உன் வாய்மொழித் தேர்வுல அதைத்தான் கேப்பாங்க. குதிச்சது உன் நாத்தனார், அளந்தது நீ. யாரு நம்புவா? யோசிச்சுக்கோ” என்கிறார். யோசித்துவிட்டேன். நீ சுவரில் விட்ட அடையாளத்தை நான் நின்று பார்த்தேன். அது எங்கே இருந்ததோ அங்கேதான் எழுதியிருக்கிறேன். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும்.

ஊசி இல்லை என்றால் எது உன்னைத் தூக்கியது என்று கேட்பாய். அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் படிக்கட்டும் மணல் மூட்டையுமாக இருக்கலாம். ஊசி போட்டார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அன்றைக்கு என் மேல் இருந்த கோபமாகவும் இருக்கலாம். எதுவானாலும் வெளியிலிருந்து உனக்குள் ஒன்றும் போகவில்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நீ நாலு விரல் ஏறியதற்கு நான் பெருமைப்பட்டேன், உண்மைதான். ஆனால் ஊசிதான் காரணம் என்று நீயே நம்பிக்கொண்டு, அப்படியும் ‘இருக்கிறேன்’ என்று எழுதினாயே, அந்தத் தாளை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன், அப்படியும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தக் ‘கொசு’வை மட்டும் என் கண்ணில் காட்டுங்கள். ‘வலிக்குதா’வாமே! எனக்கு நிஜமாகவே வலித்தது. ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு எண்ணெய் தேய்க்கச் சொன்னேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக கேப்டனிடம் போனேன். அவள் முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். படி என்று நீட்டினேன். படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

“அப்ப சாவியே கொடுக்கலையா?”

“கொடுக்கல.”

“சாவி கொடுக்காமலேதான் இவ்வளவு திமிரா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பட்டையை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு, “உங்க அண்ணி என்ன லூசா? தன் வேலைக்கே வேட்டு வச்சுக்கிட்டாங்களே” என்றாள். அவள் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை அண்ணி, பொறாமை. தனக்கு அப்படி ஒரு அண்ணி இல்லையே என்கிற மாதிரி. எனக்கு அப்போது வந்த பெருமையை எந்தச் சுவரிலும் அளக்க முடியாது.

கோச்சிடமும் சொன்னேன். “அப்ப ஊசி வேண்டாங்கிறியா?” என்றார். “கால் வலிக்கிறவங்களுக்குத் தேவைன்னா டாக்டரைக் கேட்டுப் போடுங்க சார். குதிக்கறதுக்குக் குதிக்கத்தான் வேணும்” என்றேன். சின்னவள் இருந்த இடத்திலிருந்தே கை தட்டினாள்.

நேற்று அரையிறுதி. முதல் செட் போய்விட்டது. இரண்டாவது செட்டில் கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்து, “மேல போடறேன். எட்டலேன்னா என்னைக் கேக்காத” என்றாள். போட்டாள். இதுவரை யாருக்கும் அவ்வளவு மேலே போட்டதில்லை, வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள். மேலே போய்ப் பந்துக்காக ஒரு கணம் காத்திருந்தேன் அண்ணி. அந்தப் பக்கத்துப் பெண்களின் உச்சந்தலை வகிடு வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை அவள் வேறு யாரையும் பார்க்கவே இல்லை. ஜெயித்துவிட்டோம்.

இப்போது உங்கள் தேர்வு. அளந்தது நீங்கள், குதித்தது நாத்தனார், யார் நம்புவது என்று கேட்டால் வாதாட வேண்டாம். உங்களுக்கு எழுதத் தெரிந்த அளவு பேச வராது. என்னைக் கூப்பிடுங்கள். கோச்சிடம் அனுமதி வாங்கிவிட்டேன், அன்று விடிந்ததும் வண்டி ஏறிவிடுவேன். அளவுகோலை அவர்களே பிடிக்கட்டும், முக்காலியிலும் அவர்களே ஏறட்டும். நீங்கள் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என் காலை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து எழுதுங்கள். அந்த அறையின் கூரை எவ்வளவு உயரம்?

உங்கள் நாத்தனார்